முட்டையைச் சுற்றி இருந்தவர்கள் சொன்னது

பெல்ஜியத்துக் கெண்ட் நகரத்துக்கு வந்த புதிதில், நான் வீட்டில் இல்லாதபோது வந்த பார்சலைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்தார். ஊரிலிருந்து வந்த காராச்சேவு. அட்டைப்பெட்டியில் எண்ணெய் ஊறி, பூண்டு வாசம் மாடிப்படி இறங்கித் தெருவுக்கே போய்விட்டது. மனிதர் உள்ளே என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு கையாலும் பெட்டியை நீட்டி, "ஹூடன்டாக்" என்று அவர்கள் மொழியில் ஒரு வணக்கம் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் ஊர் பாலவனத்தமாக இருந்தால் பெட்டி என் கைக்கு வருமுன் மூன்று வீட்டில் கொறித்திருப்பார்கள்; உப்பு கம்மி என்று தீர்ப்பும் சொல்லியிருப்பார்கள். அந்த ஊர்க் கண்களிடமிருந்து தப்பிக்கத்தான் பாஸ்போர்ட் எடுத்தேன். தப்பித்தும் விட்டேன். ஆனாலும் அன்று வாசலில் பெட்டியோடு நிற்கையில், யாராவது கேட்டுத் தொலைத்தால் என்ன என்று இருந்தது.

அருப்புக்கோட்டையில் நூற்பாலை ஃபிட்டராக இருந்த நான், இங்கே தறி எந்திரம் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். தொழில் எந்திரத்தோடு, பிழைப்பு வாயோடு. எதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பேன். உள்ளே பயம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ஜோக் வரும். என் மனைவி மாரீஸ்வரிக்கு இந்தக் கணக்கு தெரியும். "ரொம்பச் சிரிக்கிறீகளே, என்னத்துக்குப் பயந்து கெடக்கீக?" என்று கேட்பாள். பிள்ளை இல்லாத வருசங்கள் கூடக்கூட நான் சிரிப்பாய்ச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சோதனைக்குழாய் வழிக்கு வந்தோம். இதற்குமுன் இரண்டு முறை கரு வைத்தும் ஒட்டவில்லை. இந்த முறையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று மாரீஸ்வரி சொல்லிவிட்டாள். அவள் உடம்பு, அவள் முடிவு. திருச்சுழியில் இருக்கும் அவள் அப்பாவுக்கும் எதையும் சொல்லவில்லை. "தெரிஞ்சா அவுக சோறு திங்க மாட்டாக" என்றாள்.

முட்டை எடுக்கும் அன்று ஊசி அவளுக்கு, மயக்கம் எனக்கு. கண் விழித்தபோது நான் ஒரு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக் கிடந்தேன். அவளுக்காகக் கொண்டுவந்த ஆரஞ்சுச் சாற்றை நர்ஸ் என் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து மாரீஸ்வரி மெல்லத் தலையைத் திருப்பி, "எத்தன முட்டையிட்டீக?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்தத் திரையைப் பார்த்தேன். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் லீஸ்பெத் என்ற பெண் எங்களை அழைத்துக் காட்டினாள். நடுவில் ஒரு வட்டம். அதைச் சுற்றி வெளுப்பாக, அவிழ்ந்தும் அவிழாமலும், ஏதோ ஒன்று பொதிந்து மிதந்தது. எனக்கு அறை கரைந்துவிட்டது. மாசி மாதக் கரிசல் காட்டில் வெடித்து நிற்கும் பருத்தி. காற்றில் ஆடுகிறது, உள்ளே விதை தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மாரீஸ்வரியின் கையைத் தொட்டபோது அது கெண்டில் இருந்தது, என் கால் திருச்சுழி ரோட்டில் இருந்தது.

"நடுவில் இருப்பது முட்டை. சுற்றி இருப்பவை அதைத் தாங்கி வளர்த்த செல்கள்," என்றாள் லீஸ்பெத். முட்டைக்குச் சாப்பாடு கொடுப்பது, சேதி சொல்வது எல்லாம் அவைதானாம். முட்டைக்குள் விந்தைச் செலுத்துமுன் இவற்றை உரித்து எடுத்துவிட வேண்டும். வழக்கமாகக் குப்பைக்குப் போகும். இப்போது அதை வீசாமல், ஒவ்வொரு முட்டையின் செல்லையும் தனித்தனியாக வைத்துச் சோதிக்கிறார்கள். எல்லா செல்லிலும் ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன. ஆனால் எது விழித்து வேலை செய்கிறது, எது தூங்குகிறது என்பது மாறும். அதை வைத்து, எந்த முட்டையிலிருந்து வரும் கரு நன்றாக ஒட்டும் என்று ஒரு குறிப்புக் கிடைக்கும். கருவைத் தொடவே வேண்டாம். "குறிப்பு மட்டும்தான். சத்தியம் இல்லை," என்று இரண்டு தடவை சொன்னாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் வினை. "அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறீர்கள்!" என்றேன். "சரி, பக்கத்து வீட்டுக்காரருக்கும் முட்டைக்கும் பழைய பகை ஏதும் இருந்தால்?"

லீஸ்பெத் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "கலப்படம் பற்றிக் கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. ஒரு முட்டையின் செல் இன்னொன்றோடு சேராமல் கவனமாகத்தான் பிரிக்கிறோம்," என்றாள். என் ஜோக்குக்கு இந்த நாட்டில் இவ்வளவு மரியாதை கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு எப்படிச் சொல்வேன், நானே அப்படி விசாரிக்கப்பட்டவன் என்று? சம்பந்தம் பேசுமுன் மாரீஸ்வரியின் அப்பா திருச்சுழியிலிருந்து பஸ் ஏறி, யாருக்கும் சொல்லாமல் பாலவனத்தத்தில் இறங்கினார். எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, சலூனில் உட்கார்ந்து, சைக்கிள் கடையில் நின்று என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். டீக்கடைக்காரர், "அவனா? வாயாலயே வட சுடுவான்" என்றார். சலூனில், "ஒரு எடத்துல உக்கார மாட்டான்" என்றார்கள். இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பெண் கொடுத்தார். கல்யாணம் முடிந்து ஒருநாள் தயங்கித் தயங்கிக் காரணம் கேட்டேன். "சொன்னத யாரு கேட்டா, மாப்ள? ஒங்க பேரச் சொன்னதும் கடையில இருந்த மூஞ்சியெல்லாம் வெளிச்சமாச்சு. கண்ணாடி பாத்துக்கிட்டிருந்தவன்கூடத் திரும்பிச் சிரிச்சான். அதப் பாத்தேன், பஸ் ஏறிட்டேன்."

அன்றைக்கு ட்ராமில் வீட்டுக்கு வரும்போது மழை. கண்ணாடியில் நீர் வழிந்து, தெருவும் கால்வாயும் மணிக்கூண்டும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல மிதந்தன. உரிக்கப்பட்ட முட்டை தனியாக ஒரு கிண்ணத்தில் இருக்கும். அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்கள் எல்லாரும் வேறொரு குழாயில் இருப்பார்கள். ட்ராமில் என்னைச் சுற்றி முப்பது பேர் இருந்தார்கள். என் பேரைச் சொன்னால் ஒரு முகமும் மாறாது. நல்லவனா கெட்டவனா என்று சொல்ல ஆளில்லாமல், சுத்தமாக, வழுவழுவென்று உட்கார்ந்திருந்தேன். "என்ன, ஜோக்கக் காணோம்?" என்றாள் மாரீஸ்வரி. பயம் சிரிப்பையும் தாண்டிப் போய்விட்டது என்று சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் லீஸ்பெத் அழைத்தாள். இரண்டு கருக்கள் தேறியிருந்தன, வைப்பது ஒன்றைத்தான். கண்ணால் பார்த்தால் இரண்டாவது அழகு. உருண்டு திரண்டு, படத்தில் போடலாம்போல. முதலாவது கொஞ்சம் சுமார். ஆனால் சுற்றியிருந்த செல்களின் சோதனை முதலாவதற்குத்தான் நன்றாக வந்திருக்கிறது. முறை புதிது என்பதால், எதை முதலில் வைப்பது என்று உங்கள் விருப்பத்தையும் கேட்கிறோம், மதியத்துக்குள் சொல்லுங்கள் என்றாள்.

மாரீஸ்வரி சன்னலோரம் போய் நின்றுகொண்டாள். நான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். ஒரு காலில் அவள் செருப்பு, ஒரு காலில் என் செருப்பு. அந்தப் பதற்றத்தில் யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலே திருச்சுழிக்குப் போனைப் போட்டேன்.

"மாமா, ஒரு யோசன கேக்கணும். ரெண்டு வரன் வந்திருக்கு. ஒண்ணு ஆளு பாக்க லட்சணம். இன்னொண்ணு சுமாரு, ஆனா அக்கம்பக்கத்துல ரொம்ப நல்லாச் சொல்றாக."

"அங்கிட்டுப் போயும் தரகு பாக்கீகளா மாப்ள? யாரு வீட்டுப் பொண்ணுக்கு? பையன் என்ன சோலி பாக்கான்?"

"சோலியெல்லாம் இன்னும் ஆரம்பிக்கல, மாமா."

"சோலி இல்லாதவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? வீடு வாசல் இருக்கா?"

"வீடுதான் மாமா பாத்துக்கிட்டிருக்கோம்." சிரிப்பு என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன், வேறென்னவோ வந்தது.

மாரீஸ்வரி வந்து போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். "அப்பா, கல்யாணமில்லப்பா. எனக்குப் பிள்ள உண்டாகுறதுக்கு." பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், ஒட்டாமல் போன இரண்டையும் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ ஆட்டை விரட்டும் சத்தம் மட்டும் வெயிலோடு சேர்ந்து கேட்டது.

"இத்தன நாளு எங்கிட்டச் சொல்லாமயாத்தா தூக்கிச் சொமந்த?" என்றார் மாமா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரே தொடர்ந்தார். "அழகு கெடக்கட்டும். கூட இருந்து சோறு போட்டவுக நல்லாச் சொல்றாகல்ல? அத வையி." பிறகு, "அந்த இன்னொண்ண என்ன செய்வாக?" என்றார்.

"ஐஸ்ல வச்சிருப்பாகப்பா. வேணும்ன்னா பெறகு எடுத்துக்கலாம்."

"அதுவும் நம்ம பிள்ளதான். தூக்கிப் போடச் சொல்லிறாதீக."

முதலாவதையே வைத்தார்கள். திரையில் ஒரு வெள்ளைப் பொட்டு மினுங்கி நின்றது; அவ்வளவுதான் காட்சி. அதற்குப் பிறகு நான் மனிதனாக இல்லை. ட்ராம் குலுங்கினால் ஓட்டுநரை முறைத்தேன். மாரீஸ்வரி தும்மினால் அவள் வயிற்றைப் பார்த்தேன். "தும்முனா மூக்கு வழியா வந்துருமாக்கும்?" என்று அவள் திட்டினாள். ரத்தப் பரிசோதனையின் முடிவைச் சொல்ல லீஸ்பெத் அழைத்தபோது போனை எடுக்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மாரீஸ்வரிதான் எடுத்தாள். கேட்டாள். வைத்தாள். என் ஈரக்கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டாள். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

மகளுக்கு இப்போது நடக்க வருகிறது. போன மாதம் அவளைத் தாத்தாவுக்குக் காட்ட அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி பஸ்ஸில் போனோம். உச்சி வெயில். ரோட்டின் இரண்டு பக்கமும் வேலிக்கருவை. தூரத்தில் தரை நீர்போல நெளிந்தது. மகள் மாரீஸ்வரி மடியில் வேர்த்துத் தூங்கினாள். பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மா, கூடையைக் காலடியில் இடுக்கிக்கொண்டு, எங்கள் ஊர், தெரு, என் வேலை எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியாக மகளின் தலையைத் தடவினார்.

"ஒண்ணுதானாத்தா?"

நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாரீஸ்வரி, "இன்னொண்ணு அங்க இருக்கு" என்றாள்.

"அங்கயா? யாரு பாத்துக்கிறா?"

"நல்லாத்தான் பாத்துக்கிறாக."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாப் பாத்துக்கிட்டாப் போதுமா? பிள்ளையத் தனியா விட்டுட்டு, ரெண்டு பேருக்கும் இங்க என்ன சோலி?"

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மாரீஸ்வரி மகளை இறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் பார்த்தாள், நான் மறுபக்கம். சன்னல் கம்பியைப் பிடித்தேன். உள்ளங்கை சுட்டது. விரல் நுனிகள் மட்டும் ஐஸைத் தொட்டதுபோலச் சில்லென்று இருந்தன.