பீன்யா ஸ்டேஷனில் எனக்கு விழுந்த அபராதம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் திருப்பத்தூரில் கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். பையில் இரண்டு சேலை, ஒரு டப்பா எள்ளுருண்டை. இவை போக, என் மகன் பிரபு போனில் ஒப்படைத்திருந்த ஒரு வேலையும் இருந்தது.

"ம்மா, நீ வந்து நித்யாகிட்ட வேலைய விடச் சொல்லு. நான் சொன்னா சண்டை வருது. நீ சொன்னா கேப்பா."

நித்யா என் மருமகள். அவள் தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு அரசாங்க வேலைக்குப் போய்த் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். மெட்ரோ ரயிலில், பீன்யா ஸ்டேஷனில், பயணிகளுக்குப் பதில் சொல்லும் கவுன்ட்டரில் உட்காருகிறாள். டிக்கெட் தகராறு, திறக்காத கேட், அபராதம் எல்லாம் அவள் ஜன்னலுக்குத்தான் வந்து சேரும். போன மாதம் ஒருவன் அபராதம் கட்டமாட்டேன் என்று அவளைப் பார்த்துக் கத்தியதை இன்னொருவன் செல்போனில் படம் பிடித்துவிட்டான். அது எங்கெங்கோ சுற்றி எங்கள் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. "கண்டவன்கிட்ட பேச்சு வாங்கறதுக்குத்தான் இவ்ளோ படிச்சாளா?" என்று என் நாத்தனார் எழுதினாள். பிரபுவுக்குத் தலைகுனிவாகிவிட்டது. எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்? அதனால்தான் கிளம்பினேன்.

கிருஷ்ணகிரி நாற்பது கிலோமீட்டர், அங்கிருந்து ஓசூர் ஐம்பது. அத்திப்பள்ளி எல்லையில் இறங்கி பெங்களூர் சிட்டி பஸ்ஸுக்கு மாறினேன். நம் ஊர் டவுன் பஸ் நினைப்பில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து, "ஆதார் தோர்ஸி" என்றார். காட்டினேன். "தமிழ்நாடா? உங்களுக்கு ஃப்ரீ இல்லம்மா, டிக்கெட் எடுக்கணும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். நம் ஊரில் பெண்ணாய்ப் பிறந்திருந்தால் போதும். இங்கே கர்நாடகப் பெண்ணாகவும் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பர்ஸைத் திறந்தேன்.

சந்தாபுராவில் பாதி பஸ் தமிழ் பேசிக்கொண்டு ஏறியது. கூடவே செக்கிங்காரர்கள் இருவர் ஏறினார்கள். என் பக்கத்தில் இருந்த பெண் இலவச டிக்கெட்டைக் கைக்குள் கசக்கி எங்கேயோ போட்டுவிட்டிருந்தாள். கூடை, முந்தானை, காலடி எல்லாம் தேடினாள். "காசே இல்லாத டிக்கெட்டுக்கு இத்தனை பாடா?" என்று நான் கேட்டதற்கு, "ஃப்ரீன்னாலும் டிக்கெட் டிக்கெட்தானேக்கா, இல்லன்னா ஃபைன் போடுவாங்க" என்று கவலையோடு சொன்னாள். கடைசியில் அது சீட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அகப்பட்டது. அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்து அவள் விட்ட பெருமூச்சு பஸ் முழுக்கக் கேட்டிருக்கும்.

பொம்மனஹள்ளியில் பிரபுவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. இரவு சாப்பிடும்போது நித்யாவிடம், "நாளைக்கு உன் ஸ்டேஷனைப் பார்க்க வரேன்" என்றேன். பிரபு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். அங்கேயே பேச்சை முடித்துவிடுவேன் என்று நினைத்திருப்பான்.

"வாங்க அத்தை. ஆனா பத்து மணிக்கு மேல வாங்க. பீன்யாவுக்கு அந்தப் பக்கம் தண்டவாள வேலை, காலைல லைன் க்ளோஸ். எல்லாரும் என்னைத்தான் வந்து கேப்பாங்க" என்றாள். சொல்லும்போதே கொட்டாவி விட்டாள். அவள் பணி விடியற்காலையில் ஆரம்பம்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஏழரைக்கெல்லாம் பொம்மனஹள்ளி மெட்ரோ ஸ்டேஷனில் நின்றேன். பீன்யாவுக்கு எண்பது ரூபாய். கேரம் காய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் டோக்கன் கொடுத்தார்கள். அதைக் கேட்டில் காட்டினால் உள்ளே விடும். இறங்கும் இடத்தில் கேட்டின் வாயில் போட்டால் வெளியே விடும். ஆர்.வி. ரோட்டில் மஞ்சள் லைனை விட்டுப் பச்சை லைனுக்கு மாறினேன். அங்கே என் எதிரில் உட்கார்ந்தவர் பெயர் முருகேசன். தர்மபுரிக்காரர், பீன்யாவில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக வேலை. என் கையில் இருந்த தமிழ் வாரப் பத்திரிகையைப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமைன்னா எல்லாரும் தூங்கறாங்கன்னு லைனை மூடிடறாங்கம்மா. ஓவர்டைம் போறவன் ஞாயித்துக்கிழமைதானே போவான்? நான் பீன்யாலயே இறங்கறவன், தப்பிச்சேன். தாசரஹள்ளி போறவன் கதி என்ன?"

அவர் பக்கத்தில் இருந்த கண்ணாடி போட்ட அம்மாள், மல்லேஸ்வரத்துக்காரர் போலிருக்கிறது, விடவில்லை. "ரிப்பேர் பண்ணலேன்னா ஒரு நாள் நடுவுல நின்னு போயிடும். அப்ப யாரைக் கேப்பீங்க? ஒரு ஞாயிறு அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

"பண்றோம் மேடம். டிக்கெட் வெலைய ஏத்தினப்பவும் அட்ஜஸ்ட், மூடினாலும் அட்ஜஸ்ட். எத்தனை பண்றது?" என்று முருகேசன் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கறார்னா அப்படி ஒரு கறார்ம்மா. என் பையனைக் கூட்டிட்டு வந்தேன். மூணு அடிக்கு மேல போனா டிக்கெட் எடுக்கணும். சின்னப் பையன்தானேன்னு எடுக்கல. பீன்யால ஒரு தமிழ் மேடம், கூப்பிட்டு செவுத்துல கோடு போட்ட எடத்துல நிக்க வெச்சுது. ரெண்டு விரக்கடை அதிகம்! பணம் கட்ட வெச்சுட்டுதான் விட்டுது."

"திட்டினீங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"திட்டத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அந்த மேடம், 'பையன் நல்லா வளர்றான் சார், அதுக்கு சந்தோஷப்படுங்க'ன்னுச்சு. எம் பையன் வளர்ந்துட்டதையே நான் அன்னிக்குத்தாம்மா பார்த்தேன்."

அது என் மருமகள் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. வேலையை விடச் சொல்ல வந்தவள் எந்த முகத்தோடு சொல்வேன்? ஆனால் நித்யாவுக்கென்று எடுத்து வந்திருந்த எள்ளுருண்டையில் முருகேசனுக்கு ஒன்று கொடுத்தேன், மல்லேஸ்வரத்து அம்மாள் இறங்கும்போது அவருக்கும் ஒன்று கொடுத்தேன்.

எட்டரைக்குப் பீன்யா. வண்டி அதோடு சரி. முருகேசன் விடைபெற்றுக்கொண்டு கம்பெனிக்கு ஓடினார். அதற்கு அப்பால் போக வேண்டியவர்களில் பாதிப் பேர் படியிறங்கி பஸ்ஸுக்குப் போனார்கள், பாதிப் பேர் பிளாட்பாரத்திலேயே முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். நித்யா பத்து மணி என்றாளே, கூட்டத்தில் போய் அவளைத் தொந்தரவு செய்வானேன் என்று நானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஜோலார்பேட்டையில் சென்னை வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், பையை மடியில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தால்தான் பயணம் போன திருப்தி எனக்கு. ரயில் என்றால் அப்படித்தான் என்று ஊறிப்போய்விட்டது.

மாடி உயரத்தில் ஓடும் தண்டவாளம். கீழே பீன்யாவின் தகரக் கூரைகளும் லாரிகளும். மூடிய பக்கத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆட்கள் குனிந்து குனிந்து தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. அப்போதுதான் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வந்தது. "பிரயாணிகர கமனக்கே..."

நித்யா! வீட்டில் "அத்தை, காபி ஆறிடும்" என்று சொல்கிற அதே குரல், அந்தப் பெரிய ஸ்டேஷன் முழுக்க ஒலித்தது. எனக்குக் கன்னடம் நாலு வார்த்தை தெரியும், அதற்கு மேல் தெரியாது. பிறகு அதையே இங்கிலீஷில் சொன்னாள். அது எனக்கு நாலு வார்த்தைகூடத் தெரியாது. அதனால் என்ன? எத்தனை நிதானம், எத்தனை தெளிவு! கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிலர் எழுந்து கீழே போனார்கள். நான் இன்னொரு தடவை வராதா என்று காத்திருந்தேன்.

பத்து மணிக்குப் படியிறங்கி, கேட்டின் வாயில் டோக்கனைப் போட்டேன். அது வாங்க மறுத்து, சிவப்பு விளக்கைப் போட்டது. காவலுக்கு நின்றவர் நித்யாவின் ஜன்னலைக் காட்டினார். அங்கே ஏற்கெனவே ஒருவர், பட்டு வேட்டியும் கையில் பழத்தட்டுமாக, சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தாசரஹள்ளியில் ஏதோ விசேஷமாம். லைன் திறக்குமென்று மேலே காத்திருந்து, அலுத்துப்போய் ஆட்டோ பிடிக்கலாமென்று இறங்கினால் அபராதமாம். நீங்கள் மூடியதால்தானே உட்கார்ந்தேன், எனக்கு எதற்கு அபராதம் என்று கேட்கிறார் என்பது எனக்குக்கூடப் புரிந்தது. அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பின்னால் ஒரு வாலிபன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். இன்னொரு வீடியோ.

நித்யா என்னைப் பார்த்துவிட்டாள். "அத்தை! எப்ப வந்தீங்க?"

"எட்டரைக்கே வந்துட்டேன்மா. மேல உட்கார்ந்திருந்தேன்."

"எட்டரைல இருந்தா?" அவள் முகம் மாறியது. "மூணு தடவை அனௌன்ஸ் பண்ணேனே அத்தை! மேல காத்திருக்காதீங்க, டோக்கன் டைம் முடிஞ்சா ஃபைன் வரும், வெளிய வாங்க, பஸ் நிக்குதுன்னு."

"கேட்டேன்மா. அதைக் கேட்கத்தானே உட்கார்ந்திருந்தேன்!"

அவள் என் டோக்கனை வாங்கி மெஷினில் வைத்துப் பார்த்தாள். சத்தம் போட்டவர் நிறுத்திவிட்டார். செல்போன்காரன் ஓரடி முன்னால் வந்தான். அந்தச் சில விநாடிகள் நான் என்ன நினைத்தேன் என்று இப்போது சொன்னால் வெட்கமாக இருக்கிறது. சொந்த மாமியாரை இத்தனை பேர் முன்னால் நிற்க வைப்பாளா, ஒரு பட்டனைத் தட்டி விட்டுவிடக் கூடாதா என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்தாள். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"ஐம்பது ரூபா ஃபைன் அத்தை."

என்னைப் பெற்ற தாய் திரும்பி வந்து தலையைத் தடவிக் கொடுத்திருந்தால்கூட எனக்கு அத்தனை நிறைவு இருந்திருக்காது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டி, "ரசீது குடு" என்றேன்.

பழத்தட்டுக்காரர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் மேடம், அத்தெகூ ஃபைனா?" என்று கேட்டுவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். செல்போன் கீழே இறங்கிவிட்டது. அவரும் கட்டினார். கட்டிக்கொண்டே புகார் எழுதப் போவதாகச் சொன்னார். நித்யா புகார்ப் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தி ஏதோ சொன்னாள். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "எழுதுங்க சார், லைன் மூடற அன்னிக்கு டைம் லிமிட் வைக்கக் கூடாதுன்னு நானும் மேல எழுதியிருக்கேன், அது மாறற வரைக்கும் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொன்னேன் அத்தை" என்றாள்.

ஷிஃப்ட் முடிந்து மதியம் கீழே ஒரு கடையில் பை டூ காபி சொன்னாள். ஒரு காபியை இரண்டு தம்ளரில் பாதிப் பாதியாகக் கொடுக்கிற இந்த ஊர்ப் பழக்கம் அது. தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே, "அத்தை, அவர் உங்களை எதுக்கு வரச் சொன்னார்னு எனக்குத் தெரியும். ரெண்டு நாளா தூக்கமே இல்ல. நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே?" என்றாள்.

"அந்த வேலையை நீ விட்டா எனக்கு யாரு அந்த மைக்குல பேசிக் காட்டுவா?" என்றேன். அவள் அழுதாள், சிரித்தாள், காபி புடவையில் சிந்தியது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

வீட்டுக்குப் போவதற்குள் ரசீதைப் படம் எடுத்து, உறவுக்காரர்கள் குழுவில் போட்டேன். "என் மருமகள் எனக்குப் போட்ட அபராதம்" என்று கீழே எழுதினேன். பிரபு வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"என்னம்மா இது? அவகிட்ட சொன்னியா இல்லையா?"

"அந்த வீடியோவைப் பார்த்தவங்க எல்லாம் இதையும் பார்க்கட்டும்டா. அவகிட்ட சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. நீ வேணா அடுத்த ஞாயிறு அவளை ஸ்டேஷன் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வா."

திங்கள்கிழமை திரும்பினேன். அத்திப்பள்ளி வரை சிட்டி பஸ்ஸில் கண்டக்டர் கேட்பதற்கு முன்பே டிக்கெட்டுக்குப் பணத்தை நீட்டினேன். கிருஷ்ணகிரியில் நம் ஊர் பஸ் ஏறினேன். திருப்பத்தூரில் டவுன் பஸ்ஸுக்கு மாறியபோது யாரும் ஆதார் கேட்கவில்லை. கண்டக்டர் பார்க்காமலே கிழித்துக் கொடுத்த இலவசச் சீட்டை, அந்தச் சந்தாபுராப் பெண்ணை நினைத்துக்கொண்டு, இறங்கும் வரை விரலிடுக்கில் பத்திரமாக வைத்திருந்தேன்.

குழுவில் எல்லாரும் ஏதாவது எழுதினார்கள். நாத்தனார் மட்டும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். ஒருவேளை எழுத்து சின்னதாக இருந்ததோ என்னவோ. அதனால் மறுநாள் காலை ரசீதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன்.