சிட்டாள் ஆச்சி கதவுக்கு முன்னால் ஐந்தடி

ஏகப்பனின் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு இழுப்பு டேப் இருக்கும். மூன்று மீட்டர், மஞ்சள் நிறம், ஓரமெல்லாம் தேய்ந்து வெளுத்தது. பிள்ளையார்பட்டிக்குச் சாமி கும்பிடப் போனாலும் அது கூடவே போகும். சன்னதியில் கண்ணை மூடி உருகி நிற்கிற மனுஷர், திரும்பி வரும்போது வரிசைக்குக் கட்டியிருக்கும் கம்பியின் உயரத்தை அளந்துவிட்டுத்தான் வருவார். எதற்கு என்று கேட்டால், எதற்காவது ஆகும் என்பார். அறுபத்திரண்டு வயது ஆளை இனிமேல் யார் திருத்துவது? அவர் மனைவி சிகப்பி அந்த முயற்சியை என்றைக்கோ கைகழுவிவிட்டார்.

திருச்சியில் பாய்லர் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் முப்பத்து நான்கு வருஷம் வரைபடம் போட்டவர். வேலை முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியுமாகக் காரைக்குடிப் பக்கம் நேமத்தான்பட்டியில் இருக்கும் பூர்வீக வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஓய்வு பெற்று ஊருக்கு வருகிறவர்கள் கோயில் கமிட்டியில் சேருவார்கள். இல்லையென்றால் வீட்டை வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டலாக்குகிறேன் என்று கிளம்புவார்கள். இவர் வீட்டுக்குள் ரயில் விடப்போகிறேன் என்றார்.

பொம்மை ரயில்தானே என்று யாராவது சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு, ஓ ஸ்கேல் என்று பெயர். எழுபதடி நீளமுள்ள பெட்டி அவர் கையில் ஒன்றரை அடிக்கு அரை அங்குலம் குறைவாக வரும். அந்த அரை அங்குலத்தைக் கூட்டிப் போட்டால்தான் என்ன? கூடாது. கூட்டினால் அது பொம்மை.

இந்த அளவில் கடையில் கிடைப்பதில் நிறைய மூன்று தண்டவாளச் சாமான். கரண்டுக்கென்று நடுவில் ஒன்று இருக்கும். வேலை சுலபம், வளைவும் சின்னதாகப் போதும். ஏகப்பன் அதைத் தொடக்கூட மாட்டேன் என்றுவிட்டார். காரைக்குடி ஸ்டேஷனில் ரயில் எத்தனை தண்டவாளத்தில் ஓடுகிறதோ அத்தனைதான் தன் வீட்டிலும் என்று பிடிவாதம். இரண்டே தண்டவாளம் என்றால் ஒன்றில் போகிற கரண்டு மற்றதில் திரும்ப வேண்டும். சக்கரம் வழியாக இரண்டும் தொட்டுக்கொண்டால் ஷார்ட். அதனால் ஒவ்வொரு அச்சிலும் ஒரு பக்கத்துச் சக்கரத்துக்குள் நைலான் வளையம் கொடுத்து, அந்தப் பக்கம் அடையாளத்துக்குச் சிவப்புப் பொட்டு வைத்தார். ஆறு பெட்டி, இருபத்து நான்கு அச்சு, இருபத்து நான்கு பொட்டு. அதில் ஒரே ஒரு அச்சைப் பொட்டு மாறிப் போட்டுவிட்டு, எங்கே ஷார்ட் என்று தெரியாமல் இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் தேடினார். கடைசியில் செக்காலையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் சாதிக் அலி வந்து, ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துக் கொடுத்தார். பொட்டு வைத்த கையே மாற்றிப் போட்டிருக்கிறது என்று சாதிக் அலி அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

இடத்துக்கு வருவோம். செட்டிநாட்டில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. பெரிய வீட்டில் புள்ளிக்கு ஒரு அறை. முற்றமும் அதைச் சுற்றி ஓடும் நடையும் எல்லோருக்கும் பொது. அந்த வீட்டில் எட்டுப் புள்ளி. ஏகப்பனின் பங்குக்கு வந்த அறை பத்தடிக்கு ஒன்பதடி. இரண்டு தண்டவாளத்தில் ஒன்றரை அடிப் பெட்டி தடம் புரளாமல் திரும்ப வேண்டுமென்றால் மையத்திலிருந்து ஐந்தடியாவது இருக்க வேண்டும், முழு வட்டத்துக்குப் பத்தடிக்கு மேல். அறை ஒரு அடியில் காலை வாரிவிட்டது. அப்புறம் என்ன, நடைதான்.

பொது நடையில் ஆணி அடிக்கக்கூட எல்லாப் புள்ளியும் சம்மதிக்க வேண்டும். ஏகப்பன் ஆணி அடிக்கவில்லை. இடுப்பு உயரத்துக்குக் கால் வைத்த பலகைகளை நாலடி நாலடியாகச் செய்து, போல்ட் போட்டு இணைத்து, விசேஷம் வந்தால் கழற்றிவிடுகிற மாதிரி திட்டம் போட்டு, வரைபடத்தோடு பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்த ஆறு புள்ளியும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள். டிக்கெட்டுக்கு முன்பதிவு உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். எட்டாவது புள்ளி குழுவிலேயே இல்லை. அதே வீட்டில், நடையின் தென்மேற்குக் கோடியில் இருந்தது. பெயர் சிட்டாள் ஆச்சி.

ஏகப்பனுடைய பெரியப்பா மகனின் மனைவி அவர். புருஷன் போய் வெகுகாலம். அறையிலிருந்து சமையல் கட்டுக்குப் போக அவருக்குத் தனி வழி உண்டு. நடையைப் பார்த்த கதவைப் பதினாறு வருஷமாகத் திறப்பதில்லை. சிகப்பியோடு பேச்சு உண்டு, ஊறுகாய் பரிமாற்றம் உண்டு. ஏகப்பனோடு மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

காரணம் ரயில்தான். வேறென்ன இருக்கும்? பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஆச்சியின் மூத்த மகனுக்குக் கல்யாணம். இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போடுகிற கல்யாணப் பத்திரமான இசைகுடிமானத்தில், இறந்துபோன தகப்பனாரின், அதாவது அப்பச்சியின் இடத்தில் நின்று மாப்பிள்ளை வீட்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் ஏகப்பன். திருச்சியிலிருந்து காலை ரயிலில் கிளம்பினார். புதுக்கோட்டையில் எதிர்வண்டிக்காக நிறுத்தினார்கள். இறங்கினார். எதிர்வண்டி இன்ஜின் பக்கத்தில் வந்து நின்றது. பையில் டேப் இருந்தது. இன்ஜினுக்கு அடியில் குனிந்து சக்கரத்தை அளந்துகொண்டிருந்தபோது அவர் வண்டி அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடித்துப் பந்தி நடந்துகொண்டிருந்தது. வேறொரு பங்காளி கையெழுத்துப் போட்டிருந்தார்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வண்டி லேட் என்று சொன்னார் மனுஷர். அதே வண்டியில் நேரத்துக்கு வந்து இறங்கிய நாலு பேர் எதிரே இலையில் உட்கார்ந்திருக்க, முகத்தில் ஒரு மாற்றமில்லாமல் சொன்னார். அதையே பதினாறு வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தார். சிட்டாள் ஆச்சி அன்றைக்குச் சாத்திய கதவு அது.

மூன்று வருஷத்தில் பாதை வளர்ந்தது. வேப்பங்கட்டையில் சிலீப்பர் அறுத்து, ஒவ்வொன்றாக ஒட்டி, மேலே தண்டவாளத்தைப் படுக்க வைத்தார். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். காலையில் காபி குடித்த டம்ளரை மதியம்தான் கீழே வைப்பார். பூட்டிக் கிடந்த ஆறு கதவுகளையும் பாதை தாண்டியது. மூன்று மூலையும் திரும்பியது. நாலாவது மூலையில் வந்து நின்றுவிட்டது. நடையின் கோடியில் நேர் எதிரே ஆச்சியின் கதவு. வளைவை உள்ளே தள்ளினால் தூண், வெளியே தள்ளினால் கதவு. அந்த ஐந்தடியில் பலகை போட்டால்தான் வட்டம் மூடும். மூடாவிட்டால் ஆறு பெட்டியும் போன வழியே பின்னோக்கித் திரும்பி வர வேண்டியதுதான்.

சிகப்பியை அனுப்பிக் கேட்டார். சாதிக் அலியை அனுப்பிக் கேட்டார். இரண்டு பேருக்கும் நல்ல காபி கிடைத்தது. கேட்க வேண்டியவர் கேட்கட்டும் என்ற பதிலும் கிடைத்தது. ஏகப்பன் அந்தக் கதவு வரைக்கும் நாலைந்து முறை போனார். போய், டேப்பை எடுத்து, ஏற்கெனவே தெரிந்த ஐந்தடியை இன்னொரு தடவை அளந்துவிட்டுத் திரும்பினார்.

ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. நடையைக் கழுவிவிட்டால் தண்ணீர் தானாக ஓடட்டும் என்று, வீட்டைக் கட்டியவர்கள் தளத்தை ஆச்சியின் மூலைப் பக்கம் துளி சாய்த்தே போட்டிருந்தார்கள். அதற்காகத்தான் ஏகப்பன் ஒவ்வொரு பலகைக் காலுக்கும் அடியில் மரச்சக்கை கொடுத்து ரசமட்டம் பார்த்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை கழுவுகிற சிகப்பிக்கு அந்தச் சக்கைகள் இடைஞ்சல். இரண்டை உருவி ஜன்னலில் வைத்துவிட்டு மறந்துபோனார். வர்ணம் காய்ந்த ஆறாவது பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு ஏகப்பன் கை கழுவப் போனார்.

பெட்டி நகர்ந்தது. நன்றாகத்தான் செய்திருந்தார் சக்கரத்தை, சத்தமே இல்லை. அவர் திரும்பிப் பார்த்தபோது அது நடையின் பாதியைத் தாண்டிவிட்டது. ஓடினார். எட்டவில்லை. பாதை முடிகிற இடத்தில் பெட்டி காற்றில் ஒரு தாவு தாவி, ஆச்சியின் கதவில் போய் மோதி விழுந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “யாரு?”

பதினாறு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து அவரைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. பெட்டியின் ஒரு முனை நசுங்கிக் கிடந்தது. அதை எடுக்கக்கூட ஏகப்பனுக்குத் தோன்றவில்லை.

“நான்தான் ஆச்சி. ஏகப்பன்.”

“என்ன வேணும்?”

ஐந்தடி வேண்டும் என்று சொல்லத்தான் மூன்று வருஷமாக வார்த்தை கோர்த்து வைத்திருந்தார். வாயில் வந்தது வேறு.

“அன்னிக்கு வண்டி லேட் இல்ல ஆச்சி. நேரத்துக்குத்தான் கெளம்புச்சு. நான்தான் புதுக்கோட்டையில எறங்கி இன்ஜின் சக்கரத்த அளந்துக்கிட்டு நின்னுட்டேன். அண்ணன் எடத்துல நான் நின்னுருக்கணும். தப்பு என்னோடது.”

சொல்லி முடித்தபோது அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு லேசானது போலவும் இருந்தது.

“இத அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு நா திட்டிட்டு விட்டிருப்பேன். இப்புடித் தள்ளுங்க, தாப்பா துருப்புடிச்சுக் கெடக்கு.”

ஆச்சி உள்ளேயிருந்து இழுக்க, இவர் வெளியேயிருந்து தள்ள, சிகப்பி நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவர, கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. ஆச்சி முதலில் குனிந்து பெட்டியைத்தான் எடுத்தார். அதன் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். இருக்கை எல்லாம் இருக்கிறது, ஆள் ஒருவரையும் காணோமே, எல்லோரும் புதுக்கோட்டையில் இறங்கிவிட்டார்களா என்று கேட்டார். சிகப்பி சிரித்த சிரிப்பில் கிண்ணம் சரிந்து எண்ணெய் தரையெல்லாம் ஆனது.

ஐந்தடி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. கதவுக்கு நேரே வருகிற துண்டு தூக்கி இறக்கும் பாலமாக இருக்க வேண்டும். தாழ்ப்பாள் ஆச்சியின் பக்கம் இருக்க வேண்டும். அவர் தூக்கினால் தூக்கியதுதான், வண்டி நின்றாக வேண்டும். ஏகப்பனுக்கு நிபந்தனையா அது? அசல் ரயில்வேயில் கேட் இருப்பது போலவே ஆயிற்றே என்று உச்சி குளிர்ந்துவிட்டது. பாலம் தூக்கியிருக்கும்போது அதற்கு முந்தைய மூன்றடியில் கரண்டு நின்றுபோகும்படி சாதிக் அலி ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தார்.

நசுங்கிய முனையைத் தட்டி நிமிர்த்தி, கார்த்திகை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி கிளம்பியது. ஏகப்பன் அறை வாசலிலிருந்து இன்ஜினும் ஆறு பெட்டியும். ஒவ்வொரு மூலையாகத் திரும்பி, பூட்டிய கதவுகளைக் கடந்து, கடைசி நீட்டத்தில் ஓடி வந்து, ஆச்சியின் கதவுக்கு மூன்றடி முன்னால் நின்றது. பாலம் தூக்கியிருந்தது.

ஆச்சி உள்ளே உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. சாதிக் அலி ஏகப்பனைப் பார்த்தார். ஏகப்பன் காத்து நின்றார். ஒரு கட்டுக் கீரையும் முடிந்த பிறகு ஆச்சி எழுந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“தை மாசம் சின்னவன் வயிரவனுக்குக் கல்யாணம் வச்சுருக்கோம், இந்த நடையிலதான். இசைகுடிமானத்துக்கு அப்பச்சி எடத்துல நீங்கதான் நிக்கணும். எத்தன மணிக்கு வருவீக?”

ஏகப்பன் திகைத்தார். “நான் இங்குட்டுத்தான ஆச்சி இருக்கேன். ரயில் ஏறவா போறேன்?”

“ஏறாட்டி என்ன? நடுவுல எதையாவது அளக்கப் போயிருவீக.”

ஏகப்பன் சட்டைப் பையில் கையை விட்டு டேப்பை எடுத்தார். சிகப்பிக்குக்கூடத் தொடத் தராத டேப். அதை ஆச்சியிடம் நீட்டினார்.

“கையெழுத்துப் போட்டதும் வாங்கிக்கிறேன்.”

ஆச்சி வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார். தாழ்ப்பாளை விட்டுப் பாலத்தை இறக்கினார். வண்டி அவர் கதவைக் கடந்து, வளைவு திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

அன்றைக்கு அது பதினோரு சுற்றுச் சுற்றியது. மறுநாள் காலை சிகப்பி எழுந்து வந்தபோது ஏகப்பன் ஸ்பேனரோடு தரையில் உட்கார்ந்து பலகைகளின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாசம் இருக்கிறதே என்றார் சிகப்பி. இருக்கட்டும், இந்தத் தடவை கொஞ்சம் முன்னாலேயே வந்து நிற்கிறேன் என்றார் ஏகப்பன்.