எட்டாம் வகுப்புக்கு ஒரு கணக்கு டீச்சர்

பள்ளிக்கூடக் கமிட்டியில் உறுப்பினராக இருப்பது சம்பளம் இல்லாத உத்தியோகம். மெமோ மட்டும் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோரும் கொடுப்பார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் என்பது அதன் முழுப்பெயர். உங்களில் யாராவது அதில் மாட்டியிருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை, ஒரு டீ சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

நான் திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கிறவன். எங்கள் பகுதி நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போய், சர்க்கார் வேறு ஆள் போடாமல் விட்டிருந்த வருஷம் அது. என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. பக்கத்து ஹைஸ்கூலில் ஒன்பதாவது சேர்க்கும்போது கணக்குப் போடச் சொல்லிப் பார்ப்பார்கள். போடத் தெரியாத பெண்கள் பனியன் கம்பெனிக்குப் போய், டெய்லர் பக்கத்தில் உட்கார்ந்து துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலையில் சேர்ந்துவிடுவார்கள். ஆகவே கமிட்டிக்கு அந்த வருஷம் ஒரே வேலைதான். ஒரு கணக்கு டீச்சரைப் பிடிக்க வேண்டும். பிடித்தவரை முழுப்பரீட்சை வரை விடாமல் வைத்திருக்க வேண்டும்.

ஆள் எடுத்த விதம்

கமிட்டித் தலைவர் சென்னியப்பன் சார். வேறொரு பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், பாடம் பூகோளம். பேரன் எங்கள் பள்ளியில் படித்ததால் இவரைப் பிடித்துத் தலைவராக்கியிருந்தார்கள். ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, அதாவது எனக்கு நடுச்சாமத்தில், வந்து கதவைத் தட்டினார். கமிட்டியில் சேர வேண்டுமாம்.

நான் ஆறாவதோடு நின்றவன். மிச்சமெல்லாம் பொட்டலக் காகிதத்திலும் லைப்ரரியிலும் நானாகத் தட்டுத்தடுமாறிப் படித்தது. மெஷினில் நூல் அறுகிற வரை நமக்கு வேலையில்லை. அந்த நேரத்தில் புத்தகம் இல்லாவிட்டால் மனசு கண்ட இடத்துக்குப் போய்விடும், அதனால் வந்த பழக்கம். இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். சார் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: “அதுதானுங்க வேணும். படிச்சவங்களப் போட்டா, அவங்க படிச்ச பள்ளிக்கூடத்துப் பெருமையப் பேசியே டீ ஆறிப்போவுது. அதுமில்லாம, பகல்ல ஊட்டுல இருக்கற ஆம்பள இந்தத் தெருவுல நீங்க ஒருத்தருதானுங்க.”

தூங்குகிற தலை

பகலில் வீட்டில் இருப்பதுதான் தகுதி என்பதால் கமிட்டியில் முக்கால்வாசிப் பேர் நைட் ஷிப்ட். என் பக்கத்து நாற்காலி எஸ்தர் அக்கா, தூத்துக்குடிப் பக்கம், நூல்மில் வேலை. முதல் கூட்டத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்திருக்கும் முத்துச்சாமி பேசினார். அவர் எங்கள் புரவலர். பள்ளி வாசலில் அவர் அப்பா பெயரில் ஒரு வளைவு கட்டித் தருகிறேன் என்றார். ஃபேன் காற்று நன்றாக வந்தது. எல்லாத் தலையும் ஆடியது. “எல்லாருக்கும் சம்மதமுங்க” என்று முத்துச்சாமி உட்காரப் போனார்.

சென்னியப்பன் சார் விடவில்லை. “சம்மதிக்கற தலை நேரா ஆடுமுங்க. இது சாய்ஞ்சு ஆடுது. கிளாசுல எத்தன பாத்திருக்கறேன்” என்று எங்கள் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். நின்றதும் தூக்கம் போய்விட்டது. வளைவு வேண்டுமா, கணக்கு டீச்சர் வேண்டுமா என்று கேட்டார். “வளைவுக்கு அடியில நின்னா வாய்ப்பாடு வருமா சார்?” என்றார் எஸ்தர் அக்கா. முத்துச்சாமி நல்ல மனுஷர், டீச்சருக்கான சம்பளத்தைத் தானே கொடுக்க ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு வருத்தம்தான் அவருக்கு: “டீச்சர் மேல எங்கப்பாரு பேர எழுத முடியாதுங்களே.”

ரிஜெக்சன்

வெள்ளகோவிலிலிருந்து வளர்மதி டீச்சர் கிடைத்தார். பி.எஸ்ஸி. கணக்கு, தினமும் இரண்டு பஸ் மாறி வருகிற பெண். என் மகள் வீட்டில் தானாக நோட்டை எடுத்து உட்கார ஆரம்பித்தாள். பகலில் தூங்குகிறவனுக்குப் பிள்ளையின் குரல் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிதான் கேட்கும். அந்த மாசங்களில் அந்த ரேடியோ ஓயாமல் பெருக்கிக்கொண்டும் வகுத்துக்கொண்டும் இருந்தது.

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும், தன் பணம் என்ன ஆகிறது என்று பார்க்க முத்துச்சாமி வகுப்புக்கு வந்தார். விடைத்தாள் கட்டை வாங்கி, சட்டை செக்கிங் பண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாதிக்குப் பாதி சிவப்பு மை. “என்னம்மிணி, இத்தன ரிஜெக்சன் வந்தா நாங்க கம்பெனியச் சாத்தீட்டுப் போயிருவோம்” என்றார். டீச்சர் முகம் மாறாமல் தாள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார்: “ரிஜெக்சன் இல்லீங்க சார், ஆல்ட்ரேசனுங்க. பிரிச்சுத் தச்சுக்கலாம்.”

புரவலர் வந்து கேட்டது

அந்தப் பதில் முத்துச்சாமிக்குப் பிடித்துப்போனதுதான் வினை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அவரிடம் துணி வாங்கும் ஜெர்மனி பையர் இங்கிலீஷில் அனுப்பிய மெயில், ஆபீஸில் பிரிண்ட் எடுத்தது. ஆர்டர் கேன்சல் என்று மானேஜர் சொல்லிவிட்டதால் காலையிலிருந்து முத்துச்சாமி சோறு தின்னவில்லையாம். டீச்சர் ஒரு தடவை படித்துவிட்டு, “கேன்சல் இல்லீங்க. கலர் சாம்பிள் இன்னொருக்கா அனுப்பச் சொல்லிக் கேக்கறாங்க” என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு முத்துச்சாமி எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். மெயில் படித்துப் பதில் எழுத டீச்சரைத் தன் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும், சம்பளம் மூன்று பங்கு, கம்பெனி வேனே வெள்ளகோவிலுக்குப் போய் வரும். எஸ்தர் அக்கா, “அப்போ எட்டாம் வகுப்பு?” என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலில் தப்பு கண்டுபிடிக்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது: “எப்படியும் சம்பளம் நாந்தானுங்க குடுக்கறேன். எங்க ஆபீசுலயே உக்காந்துட்டுப் போகட்டுமே.”

சொல்ல மறுத்த வார்த்தை

விஷயத்தை வீட்டில் சொன்னேன். என் மனைவி செக்கிங் வேலை பார்க்கிறவள், கம்பெனி நடைமுறை தெரியும். “டீச்சர் இல்லாத பள்ளியோடத்துல அவ என்ன செய்யப் போறா? இப்பவே எங்கூடக் கைமடிக்க வரட்டும். பொறவு போனா எடம் இருக்காது” என்றாள். மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அன்று என்னால் தூங்கவும் முடியவில்லை, படிக்கவும் முடியவில்லை.

சென்னியப்பன் சார் வீட்டுக்குப் போனேன். டீச்சரைக் கூப்பிட்டு, ஆசிரியர் தொழில் புனிதமானது, ஏழைப் பிள்ளைகளுக்காக இங்கேயே இரு என்று நாலு வார்த்தை சொல்லுங்கள் சார், உங்கள் வார்த்தைக்கு மதிப்பு இருக்கிறது என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வாத்தியாரா இருந்தப்போ கமிட்டிக்காரங்களக் கண்டாப் பயமுங்க. இப்பக் கமிட்டில உக்காந்துட்டு வாத்தியாரக் கண்டாப் பயமா இருக்குது” என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: “புனிதம் புனிதம்னு சொல்லித்தானுங்க எனக்குச் சம்பளத்தக் கொறச்சலாக் குடுத்தாங்க. அந்த வார்த்தைய எடுத்து அந்தப் புள்ள தலைல நான் வெக்க மாட்டனுங்க.”

பூகோளம்

மறுநாள் காலையில் நான் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் சார் வாசலில் நின்றார். கையில் பள்ளிக்கூடத்துப் பூமி உருண்டை. “வாங்க, முத்துச்சாமியப் பாத்துட்டு வரலாம்.” கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் உறை போட்டபடி இருந்தது. மானேஜர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முத்துச்சாமி எழுந்து நின்று நாற்காலி போட்டார். சார் உருண்டையை மேஜை மேல் வைத்துத் திருப்பினார்.

“தம்பி, நம்ம பையரு ஊரு இதுதானுங்களே?”

“ஆமாங்க.”

“அங்க இன்னுங் கோழி கூவலீங்க. அவங்க எந்திரிச்சு, பல் வெளக்கி, ஆபீசு வந்து மெயிலத் தொறக்கறக்குள்ள நம்மளுக்கு மத்தியானச் சோறு ஆயிரும். அதுவரைக்கும் அந்தப் புள்ள இங்க உக்காந்து யாருக்கு இங்கிலீசு எழுதும்? காலைல எட்டாம் வகுப்புல இருக்கட்டும். மத்தியானம் உங்க வேன அனுப்பிக் கூட்டிக்குங்க.”

முத்துச்சாமி உருண்டையைப் பார்த்தார், உறை போட்ட கம்ப்யூட்டரைப் பார்த்தார், கடைசியில் சிரித்துவிட்டார். “அது எனக்கும் தெரியுமுங்க சார். உங்களுக்குத் தெரியும்னுதான் நெனைக்கலீங்க.”

ஜூன் மாதம்

டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவரும் சும்மா தலையாட்டவில்லை. காலைக்கு ஒரு சம்பளம், மத்தியானத்துக்கு ஒரு சம்பளம், ஒன்றில் ஒன்றைக் கழிக்கக் கூடாது என்றார். கொடுக்கிற பை ஒன்றுதான் என்றாலும் முத்துச்சாமி சரி என்றார். முழுப்பரீட்சை வரை டீச்சர் ஒரு காலைகூடத் தவறவில்லை. பரீட்சை முடிந்த வாரமே முழு நாளும் கம்பெனிக்குப் போய்விட்டார். அடுத்த வருஷத்து எட்டாம் வகுப்புக்கு நாங்கள் மறுபடி முதலிலிருந்து தேட ஆரம்பித்தோம்.

ஜூனில் மகளை ஹைஸ்கூலுக்குக் கூட்டிப் போனோம். உள்ளே அழைத்துப் போய்க் கணக்குக் கொடுத்தார்கள். நானும் என் மனைவியும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். அவள் அன்று கம்பெனிக்கு லீவு சொல்லவில்லை, அரை நாள் என்று மட்டும் சொல்லியிருந்தாள். இடம் கிடைக்காவிட்டால் மகளைக் கையோடு கம்பெனிக்குக் கூட்டிப் போகலாம் என்று எண்ணியிருப்பாள். மகள் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, என்னைக் கொண்டு பிறந்தவள். “என்ன சொன்னாக?” என்று என் மனைவி கேட்டாள்.

“யூனிபார்ம் தைக்கச் சொல்லிட்டாங்கம்மா.”

நல்ல மனசும் நல்ல தீர்மானமும் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியவைதான், ஆனால் எங்கள் அனுபவத்தில் வெளிநாட்டுக்காரன் நமக்குப் பின்னால் கண் விழிப்பது அதைவிட உபயோகமாக இருந்திருக்கிறது.