கரையில் கிடந்த மீன்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம், வண்ணமீன் கடையில், தொட்டிக் கண்ணாடியில் ஒரு கறுப்பு மீன் வாயை ஒட்டிக்கொண்டு கிடந்தது. உடனே எங்கள் அண்ணன் ஞாபகம். போன மாதம்தான் அவன் இறந்தான்.

சின்ன வயதில் அவன் தூண்டில் போடப் போனால் நானும் சைக்கிளில் தொற்றிக்கொள்வேன். ஒருநாள் கெளுத்திக்குப் போட்ட தூண்டிலில் இதே மாதிரி மீன் வந்தது. உடம்பெல்லாம் சொரசொரப்பு. வாய் அடிப்பக்கம் இருந்தது.

"ஏலே, அதத் திரும்பக் குளத்துல விட்றாத. மத்த மீனு முட்டையெல்லாம் தின்னுரும். கரைல போடு, சாவட்டும்," என்றான் அவன் கூட்டாளி.

பொழுது சாயும்போதும் அது கரையில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் அழுதேன். அண்ணன் அதை வாளித் தண்ணீரில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டினான்.

"கொழம்பும் வைக்க முடியாது. இத எதுக்குலே தூக்கிட்டு வந்த?" என்றாள் அம்மா.

"பாப்பா அழுதால்லா. விட்டுட்டு வந்தா ராத்திரி தூங்கவா போறா?"

எங்கள் சிமெண்டுத் தொட்டியில் அது ரொம்ப நாள் இருந்தது. அம்மா திட்டத் திட்ட அண்ணன்தான் தொட்டியைக் கழுவுவான்.

"என்ன மீனும்மா வேணும்?" என்றார் கடைக்காரர்.

"சும்மா பாத்துக்கிட்டு நிக்கேன் அண்ணாச்சி."

கண் கலங்கியது. ஆனாலும், நான் அழுதேன் என்பதற்காக ஒரு மீனைச் சுமந்து வந்தவனுக்குத் தங்கச்சியாகப் பிறந்தேனே என்று நிறைவாக இருந்தது.