ஆமி ட்ரக்குக்குப் பூட்டிய ஹீட்டர்

ஊரில் போர் முடிந்த கிழமை. கனடாவில், மில்லிக்கனில் நான் வேலை செய்த கராஜுக்கு மன்னார்க்காரர் ஒருவர் இராணுவம் கழித்துவிட்ட பழைய ஆமி ட்ரக்கோடு வந்தார். வருகிற குளிர்காலத்துக்குப் பனி தள்ள வாங்கினாராம். உள்ளே டீசல் ஹீட்டர் பொருத்திப் பூட்ட வேண்டுமாம்.

"எங்கட சனம் அங்கை செத்துக் கிடக்குது. உங்களுக்கு உதுதான் கேக்குதோ அண்ணை?" என்று கத்தினேன்.

"உது கனடா ஆமியின்ரை, தம்பி. வெறும் இரும்பு."

அந்தப் பதில் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. புகையை வெளியேற்றும் குழாயின் கிளிப்பை இறுக்காமலே, "முடிஞ்சுது, கொண்டு போங்கோ" என்றேன்.

அவர் கூட வந்திருந்த சின்ன மகளை ஏற்றி, கண்ணாடிகளை மூடி, ஹீட்டரைப் போட்டுப் பார்த்தார். புகை உள்ளே பரவ, பிள்ளை இருமினாள். ஓடிப்போய்க் கதவை இழுத்துத் திறந்தேன்.

"கிளிப்பை நான் இறுக்கேல்லை அண்ணை."

அவர் மகளை அணைத்தபடி வெளியே இறங்கினார்.

ஊரில் எங்கள் சனத்தைக் கொன்ற ஆமி மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அன்று அந்தத் தமிழ்ப் பிள்ளைக்கு மூச்சடைக்க வைத்தது ஆமி இல்லை, நான்.