கத்தரிக்கோல் அக்கா கூப்பன் இல்லாமல் வந்த நாள்

கடையில் நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கத்தரிக்கோல். முகத்துக்கு நேரே மட்டும் அக்கா. மூன்றாம் கவுன்டரில் பில் போட உட்கார்ந்து எனக்குப் பதினோரு வருடம் ஆகிறது. புதன்கிழமை சாயங்காலம் அவர் தலை தெரிந்தாலே மற்ற கவுன்டர்க்காரிகள், "இப்போ வந்துடறேன்" என்று நழுவிவிடுவார்கள். இளிச்சவாய் நான் மாட்டுவேன்.

பத்திரிகையில் வரும் கூப்பன், பாக்கெட்டின் பின்பக்கக் கூப்பன், போன தடவை பில்லுக்கு அடியில் வந்த கூப்பன் எல்லாவற்றையும் வெட்டி, காலாவதி தேதி வாரியாக அடுக்கி, ஜிப் வைத்த ஒரு பையில் கொண்டுவருவார். ஒரு பில்லுக்கு ஒரு கூப்பன்தான் என்பது கடை விதி. அதனால் ஆறு சாமானுக்கு ஆறு பில் போடச் சொல்வார். வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள், செருமுவார்கள், கடைசியில் என்னைத் திட்டுவார்கள். அக்கா அசையமாட்டார். ஒருமுறை முந்தின நாளோடு முடிந்துபோன கூப்பனை நீட்டினார்.

"இது முடிஞ்சுபோச்சுக்கா."

"நேத்து ராத்திரிதானே முடிஞ்சுது? இன்னும் சூடுகூட ஆறியிருக்காது, போடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பியபோது போட்டுக் கொடுத்தேன்.

எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்று கடையில் சொல்வார்கள். அது அநியாயம். ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை அவருக்கு. கணவர் வீட்டை விட்டுப் போனபோது பையனுக்கு நாலு வயது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவனை எலக்ட்ரீஷியன் ஆக்கினார். கூப்பன் இல்லாவிட்டால் பல நாள் அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. எதற்குக் கூப்பன் வருகிறதோ அதுதான் அவர்கள் சாப்பாடு. காளான் சூப்புக்கு வந்தால் மாதம் முழுக்கக் காளான் சூப். அன்னாசி ஜாமுக்கு வந்தால் அன்னாசி ஜாம். ஒரே பிஸ்கட்டை அவர் தொடர்ந்து இரண்டு மாதம் வாங்கி நான் பார்த்ததில்லை.

"பையன் மூஞ்சிய தூக்கி வச்சுக்க மாட்டானாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவனா? இது வேணும் அது வேணும்னு ஒருநாள் வாய் திறந்ததில்ல. தங்கம்."

என் வீட்டு வாண்டுகளை நினைத்துக்கொண்டேன். கொடுத்து வைத்தவர் என்று பொறாமையாகக்கூட இருந்தது.

அந்தத் தங்கத்துக்கு இருபத்து மூன்று வயதில் வயிற்றில் கட்டி வந்தது. ஒரு ஆபரேஷன் ஆகிவிட்டது. இன்னொன்று செய்தால்தான் பிழைப்பான். அதைத் தாங்க உடம்பு நாற்பத்தைந்து கிலோவாவது இருக்க வேண்டும்; அவன் இருந்தது நாற்பத்தொன்று. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டினான். டாக்டர் அக்காவைக் கூப்பிட்டு, "சத்து, பத்தியம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அவருக்கு எது பிடிக்குமோ அதைக் கொடுங்க. பிடிச்சதுதான் உள்ள போகும்" என்றிருக்கிறார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். புதன் அல்லாத நாளில் அக்கா வந்ததே அதிசயம். கையில் அந்த ஜிப் பையும் இல்லை. காலிக் கூடையோடு பழங்களுக்கும் பிஸ்கட்டுகளுக்கும் நடுவே நின்றார். அரைமணி கழித்துப் பார்த்தால் அதே இடம், அதே காலிக் கூடை. சாப்பாட்டு இடைவேளை வந்ததும் எழுந்து போய் என்ன விஷயம் என்று கேட்டேன். எல்லாம் சொன்னார்.

"இன்னிக்கு விலையே பாக்கக்கூடாதுன்னுதான் வந்தேன்" என்றார். "என்ன விலைன்னாலும் வாங்கிடலாம். ஆனா அவனுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியலயே."

போன் போட்டு அவனையே கேட்கச் சொன்னேன். வருடக்கணக்காகச் சலவை மெஷின் சத்தத்தில் நின்று அக்காவுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"என்னடா வேணும் உனக்கு? எதுவேணா சொல்லு. அம்மா கடையிலதான் நிக்கிறேன்."

"எதுக்கும்மா கூப்பன் இருக்கு?" என்றான்.

குத்திக்காட்டவில்லை. சத்தியமாகக் குத்திக்காட்டவில்லை. வெளியே மழை பெய்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டான்.

அன்று அக்கா முழு விலை கொடுத்து ஒன்பது வகை வாங்கிப் போனார். கேக், திராட்சை, சாக்லேட், ஐஸ்கிரீம், இன்னும் என்னென்னவோ. ஒன்பதிலும் ஒவ்வொரு வாய் சாப்பிட்டான், ஒன்பதையும் நல்லாயிருக்கு என்றான். மறுநாள் எடை நாற்பது.

"செலவாகும்னு என்கிட்ட மறைக்கிறான்" என்று மறுபடி கடைக்கு வந்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வந்து ஒரு வார்த்தை கேளும்மா. வெளி ஆள்கிட்ட சொல்லுவான்."

லீவு போட்டுவிட்டுப் போனேன். ஆறு கட்டில் போட்ட வார்டு. அக்காவை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். போர்வை லேசாக மேடு தட்டியிருந்ததால்தான் அந்தக் கட்டிலில் ஆள் இருப்பதே தெரிந்தது.

"தம்பி, செலவ நினைக்காத. அம்மாவும் இங்க இல்ல. உண்மையா உனக்கு என்ன பிடிக்கும்?"

கண்ணை மூடி யோசித்தான். பரீட்சையில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி அவ்வளவு அக்கறையாக யோசித்தான்.

"தெரியலக்கா" என்றான் கடைசியில். "வீட்டுக்கு வந்தத சாப்பிட்டே பழகிட்டேன். சம்பாதிக்க ஆரம்பிச்சப்புறமும் கடைக்குப் போனா ஆஃபர்ல இருக்கறதுமேலதான் கை போகும். அம்மா பட்ட கஷ்டத்துக்கு, பிடிக்கும் பிடிக்காதுன்னெல்லாம் பாக்க முடியுமா? இத மட்டும் அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

வெளியே வந்தேன். அக்கா எழுந்து நின்றுவிட்டார். "என்ன சொன்னான்?"

பெற்றவளிடம் போய் இதை எப்படிச் சொல்வது? பக்கத்துக் கட்டில்காரரின் மேசையில் ஒரு பேரிக்காயைப் பார்த்திருந்தேன். அதுதான் வாயில் வந்தது.

"பேரிக்காய்" என்றேன்.

அந்த முகம் மலர்ந்ததை எழுத எனக்கு வராது. "பழத்துக்கு ஏது கூப்பன்! அதான் இத்தனை வருஷம் சொல்லாம இருந்திருக்கான்" என்று சொல்லிக்கொண்டே, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடினார். திரும்பி வந்து, தோல் சீவி, விதை எடுத்து, மெல்லிசாக நறுக்கி முதல் துண்டை நீட்டினார். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான்.

பதினாறு நாள் பேரிக்காய். ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை. அக்கா தட்டு கழுவப் போகிற நேரத்தில் பாதியை வாந்தி எடுத்துவிடுவான் என்று நர்ஸ் என்னிடம் பிறகு சொன்னார். எடை நாற்பத்தொன்றைத் தாண்டவில்லை. இரண்டாவது ஆபரேஷன் நடக்கவே இல்லை. பதினேழாம் நாள் போய்விட்டான்.

இரண்டு மாதம் கழித்து அக்கா கடைக்கு வந்தார். மற்ற கவுன்டர்கள் காலியாக இருந்தும் என்னிடமே வந்து நின்றார். ஒரே ஒரு பேரிக்காயை எடுத்து வைத்தார். பின்னால் நின்ற பெண்மணி பேச்சுக்கு, "ஒண்ணே ஒண்ணா?" என்றார்.

"என் பையனுக்குப் பேரிக்காய்னா உயிர்" என்றார் அக்கா, அவர் பக்கம் திரும்பி. "எனக்கே தெரியாதுங்க. கடைசியில இவகிட்டதான் மனசு விட்டுச் சொன்னான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாக்கா" என்றேன். "என்கிட்டதான் சொன்னான்."