டோமை மூட வேண்டாம், மழை மரக்காணத்தில்

அன்று காலை நடந்தவை:

1. மலையில் டோம் திறந்தது, வானம் சுத்தம்.
2. மரக்காணத்தில் கோடை மழை பிடித்தது.
3. அம்மா தார்ப்பாய் கேட்டு ஓடிவந்தார்.
4. மேலாளர் டோமை மூடச் சொல்லப் போனார்.

விண்மீன் மண்டலங்களைப் படம்பிடிக்கும் பெரிய சர்வே கேமரா ஒன்று பூமியின் மறுபக்கத்து மலையில், டோம் எனும் திறந்து மூடும் குவிமாடக் கூரைக்குள் இருக்கிறது. அங்கே இரவு, நமக்குக் காலை. அது எடுக்கும் படங்களை உடனுக்குடன் சரிபார்ப்பது என் வேலை. அம்மா உப்பளத்துக்குக் கிளம்பும்போது நானும் லேப்டாப்பைத் திறப்பேன்.

வெகுதூர மண்டலங்கள் ஒரே படத்தில் தெரியாது. பல படங்களை அடுக்கினால்தான் தெரியும். நான் கேட்டு வாங்கிய வானப்பகுதிக்கு இன்னும் ஒரு மணி நேரப் படங்கள் பாக்கி. மறுநாள் கேமராவைப் பராமரிப்புக்குக் கழற்றுகிறார்கள். திரும்ப மாட்டும்போது அந்தப் பகுதி சூரியனுக்குப் பின்னால் போயிருக்கும். அன்று விட்டால் அடுத்த வருடம்தான்.

எங்கள் ஓட்டுக்கூரை ஒழுகும். என் மேசைக்கு நேர் மேலே ஒரே ஒரு தார்ப்பாய் கட்டியிருந்தோம்.

“இன்னாடி பண்றது, அம்பாரம் நனையுது. தார்ப்பாய் வோணும்,” என்றார் அம்மா. “உன் மிஷினு?”

உப்பு அம்பாரத்தைத் தூக்கி உள்ளே வைக்க முடியாது. லேப்டாப்பை முடியும்.

“அவுத்துக்கினு போம்மா. நான் அடுப்படிக்குப் போறேன்.”

அடுப்படி ஒழுகாது. ஆனால் தகரக்கூரை. அரிசி மூட்டைமேல் லேப்டாப்பை வைத்து ஆன்லைன் அழைப்பில் சேர்ந்தபோது, கேமராவை இயக்கும் குழுவின் மேலாளருக்கு என் குரலை விடத் தகரத்தின் சத்தம்தான் அதிகம் கேட்டது.

“என்னம்மா இரைச்சல்?”

“மழை மேடம்.”

“மழையா? சென்சார் ஒண்ணும் காட்டலையே. இருங்க, டோமை மூடச் சொல்றேன்.”

மூடித் திறப்பதற்குள் எங்களுக்கு மிச்சமிருந்த ஒரு மணி நேரமும் போய்விடும்.

“வேணாம் மேடம். அங்க இல்ல, மழை எங்க வீட்ல.”

 அவர் சிரித்தார். “உங்க வீட்டு மழைக்கு என் டோமை மூடப் பாத்தேனே. குடை இருக்கா?”

“அடுப்படில இருக்கேன் மேடம்.”

“அப்ப டீ போட்டுக்கிட்டே பாருங்க.”

படங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் நட்சத்திரங்கள் கூர்மையாக, வட்டமாக இருந்தன. கடைசிப் படம் வந்தபோது அம்மா சொட்டச் சொட்ட வாசலில் நின்றார்.

“இன்னா ஆச்சி உன் நட்சத்திரம்?”

“நட்சத்திரம் இல்லம்மா, கேலக்ஸி.”

“ஏதோ ஒண்ணு. நனையலல்ல?”

“நனையல. உப்பு?”

“ஓரத்துல கொஞ்சம் கரைஞ்சிச்சி. மீதி நிக்குது.”

வீட்டிலிருந்து இந்த வேலைக்கு வரும் புதியவர்களுக்கு ஒரு பாடம்: வானிலை சொல்லும்போது முதலில் ஊரைச் சொல்லுங்கள்.

இப்போதைய நிலை: கேமரா பராமரிப்பில் இருக்கிறது. என் பகுதியின் படங்கள் முழுமை. அடுக்கும் பணி நடக்கிறது. தார்ப்பாய் இன்னும் அம்பாரத்தின் மேல் இருக்கிறது. நான் அடுப்படியில் இருக்கிறேன்.